கியர்த் தகட்டின் இடது ஓரம்

எங்கள் அண்ணனை ஊரே நூல் என்றுதான் கூப்பிடும். ஆள் ஒல்லி என்பதால் இல்லை, தொந்தி நன்றாகவே இருக்கிறது. எதைப் பார்த்தாலும் “ஒரு நூல் தள்ளியிருக்கு”, “அரை நூல் இறங்கியிருக்கு” என்று அளவு சொல்லும் வாய் அவருக்கு. “கல்யாணம் பேச வந்த அன்னிக்கு இந்த மனுஷன் என் மூஞ்சியவே பார்க்கல. பின்னாடி செவுத்துல காலண்டர் கோணலா தொங்குறதைத்தான் பார்த்துக்கிட்டிருந்தாரு” என்று அண்ணி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். அண்ணன் மறுக்க மாட்டார். காலண்டர் கோணலாகத்தான் இருந்தது என்பார்.

அவர் செய்யும் வேலையைச் சொன்னால் முதலில் யாருக்கும் புரியாது. ஐம்பது அறுபது வருடத்துக்கு முந்தைய காரையும் லாரியையும் வாங்கி, அக்கக்காகப் பிரித்துப் புதுப்பிக்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு டாஷ்போர்டில் திருகும் சின்னத் தகடுகளைச் செய்து கொடுக்கிறார். எந்த கியர் எந்தப் பக்கம், டயருக்கு எவ்வளவு காற்று, எத்தனை மைலுக்கு ஒரு தடவை ஆயில் மாற்ற வேண்டும் என்று எழுதியிருக்கும் தகடுகள். பழைய தகடு எங்களிடம் வரும்போது துரு ஏறி, எழுத்து உதிர்ந்து பாவமாக இருக்கும். அண்ணன் செய்த புதியதையும் உதிராத அசலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அசலில் இருக்கும் தப்பைத் திருத்தவே மாட்டார். அந்தக் காலத்துத் தொழிற்சாலையில் எவனோ தூக்கக் கலக்கத்தில் ஒரு எண்ணைச் சாய்த்து அச்சடித்திருந்தால், இவரும் அதே அளவு சாய்ப்பார். ஒருவர் வந்து, “அந்த மூணை மட்டும் நேராக்கிக் கொடுங்க” என்று கேட்டார். “திருத்தணும்னா பள்ளிக்கூடத்துக்குப் போங்க” என்று தகட்டைத் திருப்பிக் கையில் கொடுத்துவிட்டார்.

இவ்வளவும் தெரிந்தவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. காரில் ஏறினாலே கண்ணை மூடிக்கொண்டு கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு உட்காருவார். அவருடைய தகடுகள் போய்ச் சேர்ந்த வண்டிகளில் ஒன்றைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை. சமைக்கத் தெரியாதவர் சமையல் புத்தகம் போடுகிற மாதிரி என்று நான் கேலி செய்வேன். “எனக்கு வந்த பிளேட்டு மாதிரி திரும்பப் போகணும், அவ்வளவுதான் பாப்பா” என்பார். நாற்பத்தாறு வயதிலும் நான் அவருக்குப் பாப்பாதான்.

நான் அவருக்கு ஒரே தங்கை. எதிர்ப்பக்கத்து வீட்டில் இருக்கிறேன், பதினோரு வருடமாக அவரிடம்தான் வேலை. அவர் வீட்டுக் கீழ்த்தளத்தில் இரண்டு அறை. முன்னறையில் அடியிலிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடி மேசை, அச்சுத் திரைகள், தகடு காயவைக்கும் கம்பி அடுக்கு. தூசி பறக்கும் என்று மின்விசிறியைப் போட விடமாட்டார், வேர்த்து ஊற்றும். பின்னறையில் ஆளுயரத்துக்கு ஒரு இழுப்பறைப் பெட்டி, அது நிறைய இதுவரை வந்த தகடுகளின் வரைபடங்கள். அவர் வரைவார், அச்சடிப்பார். நான் பழைய தகடுகளைத் துடைப்பேன், திரை கழுவுவேன், வருகிறவர்களிடம் பேசுவேன். எனக்கு வாய் ஜாஸ்தி, கை அதைவிட வேகம். அந்தக் கையைப் பற்றித்தான் இப்போது சொல்லியாக வேண்டும்.

போன வருடம் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வந்தார். முப்பத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். ஓடாமல் கிடந்த ஒரு பழைய லாரியை வாங்கி, வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் நிறுத்தி, நான்கு வருடமாகத் தானே பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். கைக்குட்டையில் சுற்றி ஒரு கியர்த் தகடு கொண்டுவந்தார். அண்ணன் அப்போது பல் டாக்டரிடம் போயிருந்தார். நான்தான் வாங்கினேன்.

“இடது ஓரத்துல பெயிண்ட் லேசா ஒட்டிக்கிட்டிருக்கும்மா. கொஞ்சம் பார்த்துக்கோங்க” என்றார்.

“நாங்க பார்க்காத பிளேட்டாய்யா?” என்றேன். திமிர்தான், வேறென்ன.

எங்கள் வீட்டுச் சட்டம் இதுதான்: பழைய தகட்டை முதலில் படமெடுக்க வேண்டும், பிறகுதான் துணி படலாம். அன்றைக்குத் தகடு பூராவும் கிரீஸ். இந்தக் கோலத்தில் படமெடுத்து என்ன தெரியப்போகிறது என்று பெயிண்ட் கரைக்கும் தின்னரில் துணியை நனைத்து ஒரே இழுப்பு இழுத்தேன். கிரீஸ் போயிற்று. கூடவே இடது ஓரத்து வெள்ளை எழுத்து இரண்டும் போயிற்று. அந்தத் தகட்டில் எழுத்தைப் பொறித்திருக்கவில்லை, மேலே அச்சடித்திருந்தார்கள். துணியில் வெள்ளையாக ஒரு தீற்றல் இருந்தது. அங்கே என்ன இருந்தது என்று துடைப்பதற்கு முன்னால் நான் படித்துக்கூடப் பார்க்கவில்லை. துணியைச் சுருட்டிக் குப்பையில் ஆழமாகத் தள்ளினேன்.

அண்ணன் வந்தார், உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தார். “இடது ஓரம் சுத்தமா தேஞ்சுபோச்சே” என்றார். “ஆமா” என்றேன். இரண்டு எழுத்துச் சொல். அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

அவர் இழுப்பறையைக் குடைந்தார். அதே கம்பெனி, அதே அளவு, அதே எழுத்து வடிவம் உள்ள இன்னொரு தகட்டின் வரைபடம் கிடைத்தது. அதில் இடது ஓரத்தில் மேலே ஒன்றாம் கியர், கீழே ரிவர்ஸ். மற்ற மூன்று கியரும் இந்தத் தகட்டில் மிச்சமிருந்ததோடு அச்சாகப் பொருந்தின. அண்ணனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அந்த இரண்டு எழுத்தையும் அங்கிருந்து எடுத்து, ஒரு நூல் பிசகாமல் இங்கே வைத்தார். டிரைவர் வந்து புதுத் தகட்டைக் கையில் ஏந்திப் பார்த்து, கைக்குட்டையில் பத்திரமாகச் சுற்றி எடுத்துப்போனார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் தையல்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். மூன்று நாள் தாடி, கையில் எங்கள் தகடு.

“நான் டிரைவரோட மாப்பிள்ளை. ஒரே ஒரு விஷயம் கேக்கணும். இதுல ஒண்ணாம் கியர் எங்க இருக்கு?”

“இடது பக்கம், மேல” என்றார் அண்ணன்.

“நானும் அங்கதாண்ணே போட்டேன்” என்று சொன்னவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

சொன்னார். லாரியில் இன்ஜின் உயிர்பெற்ற நாள். அதுவரை அந்த வண்டி ஒரு அடிகூட நகர்ந்ததில்லை. கொட்டகையிலிருந்து வண்டி நீளத்துக்கு முன்னால் எடுத்தால் போதும் என்று மாப்பிள்ளையை ஏறச் சொல்லிவிட்டு, புகை என்ன நிறத்தில் வருகிறது என்று பார்க்க மாமனார் பின்னால் போய் நின்றிருக்கிறார். இவர் தகட்டைப் பார்த்து ஒன்றாம் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டார். லாரி பின்னால் போய், மாமனாரைச் சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டது. இடுப்பிலும் வலது காலிலும் எலும்பு நொறுங்கிவிட்டது. இனி எழுந்து நடப்பது சந்தேகம்தான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

“பிளேட்டுல எழுதியிருக்கிறதைப் பார்த்துப் போடக்கூடத் தெரியலையான்னு மாமா கேக்குறாரு. வீட்டுக்கு ஆசைப்பட்டு வேணும்னே ஏத்திட்டான்னு அவரோட தம்பி சொல்றாரு. என் பொண்டாட்டி பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு அப்பா வீட்டுக்குப் போயிட்டா. வார்டுக்குள்ள என்னை விட மாட்டேங்குறாங்க. நான் ஒண்ணுதாண்ணே போட்டேன். ஆனா இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு.”

லாரியில் போட்டுப் பார்த்துவிடலாமே என்று நான் கேட்டேன். அந்தச் சனியன் கண்ணில் படக்கூடாது என்று மாமனாரின் தம்பி மறுவாரமே பழைய இரும்புக்குத் தள்ளிவிட்டாராம். வெட்டியும் ஆயிற்றாம். இவர் ஓடிப்போய் இந்தத் தகட்டை மட்டும் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

அண்ணன் பின்னறைக்குப் போய் வரைபடத்தை எடுத்து வந்தார். மேசையில் விரித்து ரொம்ப நேரம் பார்த்தார். “ஒண்ணு போட்டு வண்டி பின்னால போச்சுன்னா, கம்பெனிக்காரன் நடுவுல கியர்பெட்டியை மாத்தியிருக்கான். மேலயும் கீழயும் இடம் மாறியிருக்கு. இடது ஓரம் நான் வேற வண்டியிலேர்ந்து எடுத்து வச்சது” என்றார். குரல் தட்டையாக இருந்தது. “நீங்க சரியாத்தான் தம்பி போட்டீங்க. தப்பு என் பிளேட்டுல.”

தையல்காரர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

அவர் போனதும் அண்ணன் சட்டையை மாட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போய் மாமனாரிடமே சொல்லப் போகிறாராம்.

“போகாதீங்க. நம்ம தலையில தூக்கிப் போட்டுக்கவா? இனிமே யாரு நம்மகிட்ட வருவா?” என்று கத்தினேன்.

“‘ஓரம் தேஞ்சிருக்குய்யா, என்ன இருந்துச்சு’ன்னு ஒரு வார்த்தை டிரைவரைக் கேட்டிருக்கலாம் பாப்பா. நம்ம இழுப்பறையில வரைபடம் இருக்குன்னு மிதப்புல இருந்துட்டேன்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டில் தனியாக இருக்கவும் முடியவில்லை, கூடவே கிளம்பினேன். வாடகைக் காரில் வழி பூராவும் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டுதான் வந்தார். பையைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

டிரைவர் கட்டிலில் பாதியாகக் கிடந்தார். பக்கத்தில் அவர் மகள் நின்றிருந்தாள். மாப்பிள்ளை கதவுக்கு வெளியே, நடைவழியில். அண்ணன் தகட்டைக் காட்டி முதலிலிருந்து சொன்னார். டிரைவர் குறுக்கே பேசாமல் கேட்டார். தகட்டை வாங்கி விரலால் தடவினார்.

“இவ்வளவு சுத்தமா செஞ்ச பிளேட்டு பொய் சொல்லுமாய்யா? அவன் வந்து உங்க காலைப் பிடிச்சிருப்பான். நீங்களும் பாவம் பார்த்து வந்திருக்கீங்க.”

“இல்லைங்க. நீங்க கொடுத்த பழசுல அந்த ஓரம் வெறுமையா இருந்துச்சு. நானாத்தான் நிரப்புனேன்.”

“பார்த்தீங்களா, இங்கதான் மாட்டிக்கிட்டீங்க” என்றார் டிரைவர். கோபம்கூட இல்லை அவர் குரலில். “வெறுமையா இல்லை. என்ன எழுத்துன்னு நான் பார்க்கல, ஆனா பெயிண்ட் இருந்துச்சு. உங்க தங்கச்சிகிட்ட சொல்லித்தான் கொடுத்தேன். அவனுக்காகப் பொய் சொல்லாதீங்க. என் காலு போச்சு, போகட்டும். என் பொண்ணையும் ஏமாத்தாதீங்க.”

மகள் கதவுப் பக்கம் திரும்பினாள். வெளியே நின்ற புருஷனை அவள் பார்த்த பார்வையில், இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது. அண்ணன் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். “எங்கிட்ட வந்தப்ப இல்லையே. பாப்பா, நீ சொல்லு.”

ஐயோ, அந்த நிமிஷம். நான் ‘இல்லை’ என்று ஒரு சொல் சொன்னால், தப்பித்துவிடுவேன். டிரைவர் கண்ணுக்கு அண்ணன் பொய்யராகவே இருப்பார். மாப்பிள்ளை ஆயுசுக்கும் அந்த நடைவழியிலேயே நிற்க வேண்டும்.

“இருந்துச்சு” என்றேன். “படமெடுக்காம தின்னர் போட்டுத் துடைச்சேன். எழுத்து துணியோட வந்துருச்சு. துணியை ஒளிச்சு வச்சு, அண்ணன்கிட்ட தேஞ்சுபோச்சுன்னு சொல்லிட்டேன். அவருக்கு இப்பதான் தெரியும்.”

நான் அண்ணன் பக்கம் பார்க்கவே இல்லை. டிரைவர் தகட்டைப் போர்வை மேல் வைத்தார்.

“நான் சொல்லித்தானேம்மா கொடுத்தேன்” என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவில்லை. மகளிடம், “அவரை உள்ள கூப்பிடு” என்றார். மாப்பிள்ளை வந்து கட்டில் ஓரத்தில் நின்றார். டிரைவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் பின்னாடி நின்னிருக்கக் கூடாது மாப்பிள்ளை” என்றார். மகள் சுவரில் சாய்ந்து சத்தமில்லாமல் அழுதாள். நாங்கள் வெளியே வந்துவிட்டோம்.

டிரைவர் இன்னும் எழுந்து நடக்கவில்லை. மகளும் பிள்ளைகளும் மாப்பிள்ளை வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். மாதம் ஒருமுறை அண்ணன் டிரைவரைப் பார்த்து வருகிறார். என்னைக் கூப்பிடுவதில்லை, நானும் கேட்பதில்லை.

அன்று காரில் திரும்பும்போது அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மறுநாளும் திட்டவில்லை. இப்போதெல்லாம் வண்டியை நேரில் பார்த்து, ஓட்டுகிறவரை ஒவ்வொரு கியராகப் போடச் சொல்லிப் பார்த்த பிறகுதான் கியர்த் தகட்டைச் செய்கிறார். பழைய தகடு வந்தால் முதலில் அவரே படமெடுக்கிறார். பிறகு, துடைக்கச் சொல்லி முன்போலவே என்னிடம்தான் தருகிறார். நான் துடைத்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நிற்கிறார். பதினோரு வருடத்தில் ஒரு நாளும் அப்படி நின்றதில்லை.