ரோபோவுக்குத் தைத்த பாவாடை

ஜோதியம்மாள் திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் பள்ளியின் தையல் டீச்சர். பத்தாம் வகுப்பில் அறிவியலில் முப்பத்தைந்து வாங்கித் தப்பித்தவர், அதன்பிறகு அந்தப் பாடத்தின் பக்கமே போகவில்லை. 2007இல் வேங்கிக்கால் தாண்டி ஒரு பொறியியல் கல்லூரியில் பள்ளிகளுக்கான ரோபோ போட்டி நடந்தது. அறிவியல் டீச்சர் பிரசவ விடுப்பில் இருந்தார். யாருக்கு வகுப்பு கம்மியோ அவர் பிள்ளைகளை அழைத்துப் போகட்டும் என்றார் தலைமை ஆசிரியை. நாற்பத்திரண்டு வயதில் ஜோதியம்மாள் அப்படித்தான் மாட்டிக்கொண்டார்.

கையும் காலும் வைத்த ஓர் ஆளை எதிர்பார்த்திருந்தார். பத்தாம் வகுப்பு அன்புச்செல்வியும் தோழிகளும் கொண்டுவந்ததோ சக்கரம் மாட்டிய டிபன் பாக்ஸ். வெள்ளைத் தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே அது தானாக ஓட வேண்டும். அதற்காக அடியில் ஒரு சின்ன விளக்கும், வெளிச்சத்தை உணரும் ஒரு கண்ணும் வைத்திருந்தார்கள்.

பள்ளியில் சமர்த்தாக ஓடியது, கல்லூரி மண்டபத்தில் ஜன்னலோரம் வந்ததும் தள்ளாடி நின்றுவிட்டது. வெயில் பட்டால் அதற்குக் கண் தெரியவில்லை என்று அன்புச்செல்வி கண்ணைக் கசக்கினாள்.

"வெயிலு உள்ள போவாம சுத்தி மறைச்சிட்டா ஓடுமா?" என்று கேட்டார் ஜோதியம்மாள்.

"ஓடும் டீச்சர்."

கணவர் சக்கரபாணியின் புதுக் குடையைத்தான் அன்று எடுத்து வந்திருந்தார். ஒரு கணம் யோசித்தார். பிறகு அதன் துணியை வெட்டி, கைப்பையிலிருந்த ஊசி நூலால் சுருக்கம் வைத்துத் தைத்து, ரோபோவைச் சுற்றித் தரையில் படாமல் கட்டிவிட்டார்.

நடுவர் விதித்தாளை இரண்டு முறை புரட்டினார். "பாவாடை கட்டக்கூடாதுன்னு எதுவும் போடல மேடம். விடுங்க" என்றார்.

ரோபோ பாவாடையை ஆட்டிக்கொண்டு ஓடியது. ஜன்னலையும் தாண்டியது. ஆனால் கடைசி வளைவில் யாரோ மைக் ஒயரைக் குறுக்கே போட்டிருந்தார்கள். அதுவும் கறுப்பு. ரோபோ ஒயரைப் பிடித்துக்கொண்டு நேராக முன்வரிசைக்குப் போனது. சிறப்பு விருந்தினர் இரண்டு கால்களையும் நாற்காலிமேல் தூக்கிக்கொண்டார்.

தப்பு ஒயர் போட்டவர்கள்மேல் என்பதால் இன்னொரு வாய்ப்புக் கிடைத்தது. மூன்றாம் பரிசும் கிடைத்தது.

திரும்பும் பஸ்ஸில் அந்தக் கண் எப்படிப் பார்க்கிறது என்று அன்புச்செல்வியிடம் கேட்டார். புரியவில்லை, மறுபடி கேட்டார். அடுத்த மாதமே ஒன்பதாம் வகுப்பு இயற்பியல் பாடத்தில் கடைசி பெஞ்சில் உட்கார ஆரம்பித்தார். பிள்ளைகள் இரண்டு நாள் சிரித்தார்கள். மூன்றாம் நாள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

கோடை விடுமுறையில் வீட்டு கிரைண்டரைக் கழற்றினார். நாலு நாள் இட்லி இல்லை. ஐந்தாம் நாள் அது ஓடியது, தலைகீழாக.

"இது பின்னால சுத்துது" என்றார் சக்கரபாணி.

"ரெண்டு ஒயரு மாறிப்போச்சுங்க" என்றார் ஜோதியம்மாள். "எந்த ரெண்டுன்னும் எனக்குத் தெரியும்." பரிசு வாங்கிய அன்றுகூட அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இல்லை.