துரைக்கு எந்தச் சோளம்?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் லயத்தில் சோளத்துக்காக ஒரு மாநாடே நடந்தது, நண்பர்களே!

நாங்கள் பேராக் மாநிலத்துச் சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள். வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் சும்மா கிடந்த நிலத்தைக் கொத்திச் சோளம் போட்டிருந்தோம். வீட்டில் அரிசி தீர்ந்த நாளெல்லாம் அதுதான் சோறு.

கதிர் பால் பிடித்த நேரத்தில் புதுத் துரை வந்து சேர்ந்தார். கப்பலில் வரும்போதே தமிழ் படித்துக்கொண்டு வந்தவராம்!

சோளக்கொல்லையைப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"இங்கே கொசு வரும். வெட்டு!"

(கொசு ஏற்கெனவே எங்களோடுதான் குடியிருக்கிறது. தனி வீடு கேட்கவில்லை, அவ்வளவுதான்.)

எல்லோரும் கிராணியிடம் ஓடினோம். தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துக்காரர் அவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்:

"துரையை ஒருக்கா சாப்பிட வைப்பம். வாய்க்கு ருசியெண்டால் மனமும் மாறும்."

அருமையான யோசனை! ஆனால் எப்படிச் சமைப்பது?

அங்கேதான் பிடித்தது சனி.

எங்களை ஊரிலிருந்து கூட்டிவந்த பெரிய கங்காணி மீசையைத் தடவினார். "மஞ்சளும் உப்பும் போட்டு அவிக்கணும். எங்க ஊரு ஜமீன்தாருக்கே அப்படித்தான் வைப்போம்."

(ஜமீன் வீட்டு வாசலைக்கூட அவர் மிதித்ததில்லை. அவரோடு கப்பலேறிய எல்லோருக்கும் தெரியும்!)

"உங்களுக்கு விளங்காது," என்றார் கிராணி. "வெள்ளைக்காரர் வெண்ணெய் பூசித்தான் சாப்பிடுவினம். கத்தியும் முள்ளுக்கரண்டியும் வேணும்."

என் மனைவி அஞ்சலைக்குப் பொறுக்கவில்லை. "தோகையோட அனல்ல போட்டு வாட்டி, எலுமிச்சம்பழத்த மொளகாத்தூள்லயும் உப்புலயும் தொட்டுத் தேச்சா போதும்லா! இதுக்கு எதுக்குக் கத்தி?"

"காரம் பட்டுத் தொரைக்கு ஏதாச்சும் ஆனா யாரு பதில் சொல்றது? நீ சும்மா இரு புள்ள!" கங்காணி அதட்டினார்.

பக்கத்து மலாய்க்காரர் கம்போங்கில் தின்ற மாதிரி தேங்காய்ப்பாலில் கொதிக்க வைக்கலாமே என்று நானும் சொன்னேன். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை.

கடைசியில் அவரவர் இஷ்டப்படி அவரவர் சமைப்பது என்று ஏகமனதாக முடிவானது. (யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை என்பதை இப்படியும் சொல்லலாம்!)

மறுநாள் வேலை முடிந்ததும் துரை வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

முதலில் கங்காணியின் மஞ்சள் சோளம். துரை முகர்ந்து பார்த்தார்.

"இது மருந்தா?"

கங்காணி மீசை தொங்கிவிட்டது.

அடுத்து கிராணியின் வெண்ணெய்ச் சோளம். துரை முள்ளுக்கரண்டியால் குத்தினார். சோளம் வழுக்கியது. மறுபடி குத்தினார். தட்டிலிருந்து ஒரே பாய்ச்சல்! உருண்டுபோய்ச் சாக்கடையில் விழுந்தது. வேட்டியைத் தூக்கிக்கொண்டு கிராணி அதன் பின்னால் ஓடினார்.

அந்த நேரம் பார்த்து, யாரையும் கேட்காமல், அஞ்சலை சுட்ட கதிரைக் கொண்டுபோய்த் துரையின் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

துரை கடித்தார்.

முகம் சிவந்தது. கண்ணில் நீர் வந்தது. கங்காணி மெல்ல என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தார்.

"இன்னொண்ணு," என்றார் துரை.

அதற்குள் திரும்பி வந்த கிராணி, "துரை இன்னொண்டு கேக்கிறார்!" என்று கூவினார். (தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பு. படித்த படிப்பு வீண்போகவில்லை!)

இரண்டாவது கதிரையும் தின்று முடித்துத் துரை எழுந்தார். "வெட்ட வேண்டாம். சோளம் நல்லது."

நாங்கள் போட்ட கூச்சலில் மரத்துக் காக்கையெல்லாம் பறந்தது!

துரை இன்னும் முடிக்கவில்லை. "நாளைக்கு வேலி போடு. சோளம் எல்லாம் பங்களாவுக்கு."



"உத்தரவு, தொரே!" என்றார் கங்காணி. அவருக்கு மட்டும்தான் வாய் வந்தது.

துரை போனதும் அஞ்சலை கூடையை எடுத்தாள்.

"எங்க போற?" என்றேன்.

"வேலி நாளைக்குத்தானே வருது?"

அவள் பின்னால் நான். என் பின்னால் லயமே!

பொழுது சாய்வதற்குள் கொல்லையில் ஒரு கதிர் மிச்சமில்லை. ஒரு வீட்டில் அவித்தது, ஒரு வீட்டில் சுட்டது, எங்கள் வீட்டில் தேங்காய்ப்பால். பிள்ளைகள் வீடு வீடாகப் போய்த் தின்றார்கள். "சும்மா பாக்க வந்தேன்," என்று வந்த கங்காணியும் பார்த்துப் பார்த்து நாலைந்து கதிர் தின்றார். கிராணி மிச்ச வெண்ணெயோடு வந்தார். கையாலேயே தின்றார்!

காலையில் வேலியடிக்க ஆட்களோடு துரை வந்தார். வெறும் தட்டைதான் நின்றது.

"குரங்கு, துரை," என்றார் கிராணி.

துரை லயத்தைப் பார்த்தார். வாசலுக்கு வாசல் சாம்பல். கருகிய சோளத்தக்கை ஒன்றைக் குனிந்து எடுத்து முகர்ந்தார்.

"இந்த ஊர்க் குரங்கு மிளகாய்த்தூள் போடுமா?"

வேலை போனால் எங்கே போவோம்? அஞ்சலையின் கையைப் பிடித்தேன். உதறிவிட்டு முன்னால் போனாள்.

"குட்டிங்களுக்குப் பசிச்சா போடும், தொரே."

துரை அவளைப் பார்த்தார். பிறகு அவள் காலைக் கட்டிக்கொண்டு நின்ற எங்கள் சின்னவளைப் பார்த்தார். தக்கையைக் கீழே வைத்துவிட்டுப் பங்களாப் பக்கம் நடந்தார்.

அன்று முழுக்க ஒருவருக்கும் கஞ்சி இறங்கவில்லை.

சாயங்காலம் கிராணி மூச்சிரைக்க ஓடிவந்தார். "வேலி வேண்டாமாம்! கொல்லை உங்கடைதானாம்! அடுத்த முறை குரங்குகள் சோளம் சுடேக்க, துரைக்கும் சொல்லி அனுப்பவேணுமாம்!"

நேற்று மறுபடியும் விதை ஊன்றிவிட்டோம்.

பேராக் குரங்குகள் சார்பாக, கவலைப்பட்ட அனைவருக்கும் நன்றி!