கூட்டாத நிலம்

எங்கள் மதிலுக்கு வெளியே இருப்பது நடைபாதை அல்ல என்று மாநகர சபை அனுப்பிய கடிதத்தை அப்பாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். தெருமுனையிலிருந்து வரும் நடைபாதை எங்கள் மதில் தொடங்கும் இடத்தில் முடிகிறது. மதில் முடியும் இடத்தில் மறுபடி தொடங்குகிறது. இடைப்பட்ட துண்டு சபையின் பதிவேட்டில் இல்லை. அது தனியார் காணி. ஆகவே அதைத் திருத்துவது சபையின் கடமையன்று.

அப்பா கேட்டு முடித்துவிட்டு, "அப்ப நான் இவ்வளவு நாளும் எதிலை நடந்தனான்?" என்றார்.

அந்தத் துண்டிலும் மற்ற இடங்களைப் போலவே சீமெந்துப் பலகைகள் பதிக்கப்பட்டிருந்தன. ஆனால் அவை தாழ்ந்துகொண்டிருந்தன. நடுப்பலகை ஒருபக்கம் சரிந்து, விளிம்பில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி விழுந்திருந்தது. நடைபாதையால் வருகிறவர்கள் எங்கள் மதிலை அண்டியதும் தெருவில் இறங்கி, கடந்ததும் ஏறிக்கொள்வார்கள். முதன்முறை வந்த தபால்காரரும் அப்படியே செய்தார். ஒருவரும் குனிந்து பார்த்ததில்லை.

இறங்காமல் நேரே நடந்தவர் அப்பா மட்டுமே. சர்க்கரை ஏறி ஏறிச் சலரோகம் அவருடைய பார்வையைக் கொண்டுபோய்விட்டது. பின்னேரங்களில் தனியே வாசிகசாலைக்குப் போவார். அங்கே ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிப்பார். துணைக்கு வருகிறேன் என்றால் கோபம் வரும். தெருவில் இறங்கி நடக்கச் சொல்லவும் முடியாது. வளைவில் பஸ் திரும்பும் இடம் அது. அவர் அந்தப் பலகையில் விழுந்துவிடுவார் என்ற பயத்தில்தான் அம்மா சபைக்கு எழுதத் தொடங்கியிருந்தார்.

கடிதத்தோடு அம்மாவும் நானும் சபைக்குப் போனோம். தொழில்நுட்ப உத்தியோகத்தர் அம்மாவிடம் மூன்றாம் வகுப்புப் படித்தவர். எழுந்து கதிரை இழுத்துப் போட்டார். பிறகு எங்கள் கோவையைத் திறந்து ஒரு புகைப்படத்தை எடுத்து மேசையில் வைத்தார். அதில் அம்மா, விடியற்காலையில், மதிலுக்கு வெளியே விளக்குமாற்றோடு குனிந்து நின்றார்.

"ரீச்சர், உது நீங்கள்தானே?"

"ஓம். ஏன், வடிவாய் விழேல்லையோ?"

அவர் சிரிக்கவில்லை. "ஒவ்வொரு நாளும் கூட்டித் தண்ணியும் தெளிக்கிறியள். சபைக் காணியை ஆர் ரீச்சர் கூட்டுவினம்?"

"எங்கடை தெருவிலை எல்லாரும் தங்கடை படலையடியைக் கூட்டுறவைதானே."

"அவை படலை அகலத்துக்குக் கூட்டுறவை. நீங்கள் முழுத் துண்டையும் கூட்டுறியள். காணியை ஆண்டனுபவிக்கிற ஆட்சி உங்களுக்கெண்டுதான் மேலை எழுதியிருக்கினம்."

படலை வாசலுக்கு வெளியே கூட்டாமல் அடுப்பு மூட்டுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. அது காணிக்கு உரிமை கோருவதாகும் என்று நாங்கள் நினைத்ததில்லை. புறப்படும்போது உத்தியோகத்தர் ஒரு வழி சொன்னார்: இரண்டு கிழமைக்குக் கூட்ட வேண்டாம். அவர் வந்து குப்பையைப் பார்த்தால், ஆட்சி இல்லை என்று எழுதிவிடுவார்.

அடுத்த நாள் முதல் அம்மா விளக்குமாற்றைத் தொடவில்லை. எதிர்ப்பக்கத்துப் பூவரசுகள் இலை கொட்டும் காலம். பக்கத்து மதிலடியில் இலை கணுக்கால் வரை ஏறியது. எங்கள் துண்டு மட்டும் துடைத்ததுபோல் கிடந்தது.

நான்காம் நாள் அம்மா என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, நீ விடியக் கூட்டினனியோ?"

அதே கேள்வியை நான் அவரிடம் கேட்கவிருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம், ஏழு பழுத்த இலைகளைப் பொறுக்கிப் பலகைகளின்மேல் வரிசையாக வைத்துவிட்டுப் படலைக்குள் நின்றேன். காற்றில்லை, எதிர்வீட்டுக் கொடியில் சேலை அசையாமல் தொங்கியது. முதல் இலையின் காம்பு மெதுவாகத் திரும்பியது. பிறகு அது சரிந்த பலகையை நோக்கி நகர்ந்து, இடைவெளியின் விளிம்பில் நிமிர்ந்து, உள்ளே போயிற்று. அது போய் முடியும்வரை இரண்டாவது இலை அசையவில்லை. ஆறு வரை எண்ணினேன். ஏழாவதைப் பார்க்க நான் நிற்கவில்லை.

தேநீர் குடிக்கும்போது அப்பாவிடம் சொன்னேன்.

"அப்ப கீழை இருக்கிற ஆள் லீவு எடுக்கிறேல்லைப் போலை," என்றார். ஒருவரும் சிரிக்காததால் அவரும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

சொன்ன நாளில் உத்தியோகத்தர் வந்தார். வலப்புறத்துக் குவியலைப் பார்த்தார், இடப்புறத்துக் குவியலைப் பார்த்தார், எங்கள் துண்டைப் பார்த்தார்.

"பொய் சொல்லக்கூடாதெண்டு எங்களுக்குப் படிப்பிச்சது நீங்கள், ரீச்சர்."

அம்மா வாதாடவில்லை. நாங்களே திருத்திக்கொள்வதற்காக, காணியும் பராமரிப்பும் எங்களுடையவை என்ற பத்திரத்தைக் கேட்டு வாங்கினார். மேன்முறையீடு செய்யலாம் என்று நான் தடுத்தேன்.

"அதுக்குள்ளை கொப்பர் எத்தினை தரம் உதிலை நடப்பார்?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திட்டார்.

மறுநாள் மேசன் வந்து பலகையைக் கிளப்பினார். கீழே கிணறு இருந்தது. நாங்கள் காணியை வாங்குமுன்னரே, தெருவை அகலிக்க மதிலை உள்ளே தள்ளிக் கட்டியவர்கள், கிணற்றுக்கட்டை இடித்து வாயைப் பலகையால் மூடிவிட்டுப் போயிருக்கவேண்டும். தண்ணீர் தெரியவில்லை. ஓர் ஆள் ஆழத்தில் இலைகள் அடுக்கடுக்காக, இறங்கி நிற்கலாம்போல் படிந்திருந்தன. மேசன் கனத்த இரும்பு அலவாங்கைக் கயிற்றில் கட்டி இறக்கினார். அது இலைகளுக்குள் போயிற்று. கயிறு முடிந்தும் எதையும் தொடவில்லை.

போரில் இடம்பெயர்ந்து திரும்பியவர்கள், பாழடைந்த கிணற்றை முதலில் இறைத்துப் பார்ப்பார்கள். யாரைத் தேடுகிறார்கள் என்று எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மேசனும் அப்பாவின் முகத்தைப் பாராமலே கேட்டார்: "இறைச்சுப் பாத்திட்டு மூடுவமோ ஐயா, இப்பிடியே மூடுவமோ?"

"பிள்ளை, உனக்கு என்ன தெரியுது?" என்று அப்பா என்னைக் கேட்டார்.

"இலை, அப்பா."

"வேறை?"

"வேறை ஒண்டும் தெரியேல்லை."

அவர் படலைப்பக்கம் திரும்பினார். "அப்ப மூடச் சொல்லு."

கம்பி கட்டிக் கொங்கிறீற் போட்டார்கள். கிணற்றின் மூச்சை அடைக்கக்கூடாது என்று மேசன் மதிலோரமாக ஒரு குழாயை நிறுத்திவிட்டுப் போனார். கொங்கிறீற் இறுகியதும் அப்பா முன்போலவே தனியே நடக்கத் தொடங்கினார். அம்மா படலையில் நின்று பார்ப்பதை விட்டார்.

மூன்றாம் மாதம் சபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பொது நடைபாதையில் அனுமதியின்றி நாட்டப்பட்ட குழாயைப் பதினான்கு நாட்களுக்குள் அகற்றவேண்டுமாம். முதற்கடிதத்தின் வரிகளையே மேற்கோள் காட்டி ஒரு பதில் எழுதினேன். என் வாழ்நாளில் அத்தனை ஒழுங்காக நான் எதையும் எழுதியதில்லை. அதை அப்பாவுக்கு வாசித்தேன்.

"சரியாத்தான் எழுதியிருக்கிறாய். அனுப்பாதை."

"ஏன் அப்பா?"

"அனுப்பினால் அளக்க வருவினம். அளந்தால் திறப்பினம். திறந்தால் இறைப்பினம்."

அம்மா என் கையிலிருந்து பதிலை வாங்கி, மடித்து, அலுமாரியில் காணி உறுதிப் பத்திரத்துக்கு அடியில் வைத்துப் பூட்டினார்.