தினமும் பைன் கட்டியவர்

எங்கள் அய்யா சொரிமுத்துவைப் பற்றித் தென்காசியில் யார் என்ன சொன்னாலும் நம்பாதீர்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேர் அவரைப் பார்த்ததே இல்லை. பார்த்தவர்களுக்கோ வாய் மட்டும்தான் உண்டு, காது கிடையாது. நான் அவருடைய மூத்த மகள். அவர் வாயால் கேட்டதையும், அவர் சொல்லாமல் முழுங்கியதில் என் அம்மா பேச்சித்தாய் சொன்னதையும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

அய்யா முதலில் குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கிற தொழில் பார்த்தார். சாரல் காலத்தில் அருவிக்குக் குளிக்க வருகிறவர்களைக் கல்லில் உட்காரவைத்து, உச்சந்தலையில் நல்லெண்ணெயை வைத்து அறைந்து, கழுத்தை ஒரு திருப்புத் திருப்பிச் சொடக்கு எடுப்பார். 1928-ல் அந்தக் கல்லில் வந்து உட்கார்ந்தவர் சிவனணைந்தபெருமாள் பிள்ளை. வடக்கே பல ஊர்களில் மாஜிஸ்ட்ரேட்டாக இருந்துவிட்டு, பென்ஷன் வாங்கி, குற்றாலத்தில் பங்களா கட்டிக் குடிவந்தவர். வேலையில் இருந்த காலத்தில் அவர் யாரையும் ஜெயிலுக்கு அனுப்பியதில்லையாம். எல்லாவற்றுக்கும் பைன்தான். மாடு தெருவில் நின்றாலும் பைன், மாட்டுக்காரன் தெருவில் நின்றாலும் பைன். அவர் வருவதற்கு முன்பே அந்தப் பெயர் குற்றாலம் வந்து சேர்ந்துவிட்டது.

அய்யா கழுத்தைத் திருப்பி முடித்ததும் பிள்ளை கேட்டார்: "ஏன்டா, கழுத்தை ஒடிக்காமத் திருப்புதியே, மரத்தைத் திருப்புவியா?"

"எந்த மரம் எசமான்?"

"அது இன்னும் முளைக்கல."

அதோடு அய்யாவுக்கு வேலை கிடைத்துவிட்டது.

ஜப்பானில் துணி வியாபாரம் பார்த்த சிநேகிதர் ஒருவர் பிள்ளைக்குத் தபால் உறைக்குள் விதை அனுப்பியிருந்தார். அங்கே உயர்ந்த மலையில், பாறை இடுக்கில் முளைக்கிற பைன் மரத்து விதை. ஒவ்வொரு கொத்திலும் ஐந்து ஊசி இலை இருக்கும், அந்த நாட்டுக்காரர்கள் உயிராக மதிக்கிற ஜாதி என்று கடிதம் சொன்னது. அதைச் சட்டியில் வைத்து, வேரைக் கத்தரித்து, குருத்தைக் கிள்ளி, கிளைக்குச் செம்புக் கம்பி கட்டி வளைத்து, ஒரு முழத்துக்கு மேல் எழும்ப விடாமல் நூறு வருஷம் வளர்ப்பார்களாம். மாஜிஸ்ட்ரேட்டுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. பிடிக்காமல் என்ன செய்யும்? யாரையாவது அடக்கி வைக்காமல் அவருக்குச் சோறு இறங்காது.

விதையை முதலில் இரண்டு மாதம் பனிக்குள் வைக்க வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. குற்றாலத்தில் பனிக்கு எங்கே போவது? அய்யா விதையைத் துணியில் முடிந்து, ஐந்தருவிக்கு மேலே தண்ணீர் தெறிக்கிற பாறை நிழலில் தொங்கவிட்டுவிட்டு, குரங்கு தூக்காமல் காவல் இருந்தார். ஆறு விதை முளைத்தது. முளைத்த சந்தோஷத்தில், எண்ணெயை ஊற்றிப் பழகின கையால் தண்ணீரையும் ஊற்றினார். அந்தச் செடிக்கு வேரில் ஈரம் நின்றால் ஆகாது. ஐந்து அழுகிச் செத்தது. பிள்ளை மூன்று நாள் அய்யாவோடு பேசவில்லை. அதற்குப் பிறகு மிஞ்சிய ஒன்றை அய்யா பொத்திப் பொத்தி வளர்த்தார். சாரல் வலுத்தால் ஓலைக்குடையைச் செடிக்குப் பிடித்துக்கொண்டு இவர் நனைவார்.

செடி விரல் தடிமன் ஆனதும் கம்பி கட்டுகிற வேலை தொடங்கியது. கம்பி பட்டைக்குள் பதிவதற்குள் அவிழ்க்க வேண்டும், அவிழ்த்ததை இடம் மாற்றிக் கட்ட வேண்டும். அய்யா அப்போது தென்காசியில் குடியிருந்து தினமும் குற்றாலத்துக்கு நடந்து போய்வந்தார். ஒரு நாள் காலையில் கடைவீதியில் அவர் வேகமாகப் போகும்போது, வெற்றிலைக் கடை நல்லகண்ணு கூப்பிட்டார்.

"ஏலே சொரிமுத்து, எங்க இம்புட்டு வெரசலாப் போற?"

"பைன் கட்டப் போறேன் அண்ணாச்சி."

"பைனா? யாரு போட்டது?"

"மாஜிஸ்ட்ரேட் எசமான்தான் போட்டாவ."

"எத்தன போட்டாவ?"

"ஆறு போட்டாவ. அஞ்சு தீந்துட்டு. ஒண்ணு நிக்கி."

"ஒண்ணுக்கா தினமும் போற?"

"பின்ன? நாலு நாள் கட்டாம விட்டா, அப்புறம் நம்ம கைக்கு அடங்காம வளந்துரும்லா."

நல்லகண்ணு மடித்த வெற்றிலையை வாயில் போட மறந்துவிட்டார். அய்யா மேல் நான் தப்புச் சொல்லமாட்டேன். அந்தச் சொல்லையே அவர் பங்களாவில்தான் முதலில் கேட்டார், அவருக்குப் பைன் என்றால் செடி. தென்காசிக்குத் தெரிந்த பைன், கோர்ட்டுக் கச்சேரியில் கட்டுகிற அபராதம் ஒன்றுதான். ஒரு ஆள், 'எந்தப் பைன்லே?' என்று கேட்டிருக்கலாம் அல்லவா? கேட்கமாட்டார்கள். கேட்டால் பேசுவதற்கு விஷயம் போய்விடுமே!

தினமும் கட்டியும் தீராத பைன் என்றால் அவன் என்ன செய்திருப்பான் என்று ஊர் கூடி யோசித்தது. மலையில் சந்தன மரம் வெட்டினான் என்று ஒரு கட்சி. செங்கோட்டை எல்லையில் புகையிலை கடத்தினான் என்று ஒரு கட்சி. அய்யாவுக்குப் பெண் பார்க்கப் போன மூன்று இடத்திலும் காப்பி கொடுத்து, வெற்றிலை கொடுத்து, பெண்ணை மட்டும் கொடுக்கவில்லை. ஏன் என்று அவருக்கு யாரும் சொல்லவும் இல்லை.

1935 ஆடியில் ராயகிரியிலிருந்து குளிக்க வந்த கூட்டத்தில் ஒரு பெண், "ஐந்தருவிக்கு எப்படிப் போணும்?" என்று அய்யாவிடம் கேட்டாள். அதுதான் என் அம்மா. அய்யா வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. கையை நீட்டினார், அதுவும் தப்பான பக்கம். கூட்டம் மொத்தமும் தென்காசிப் பாதையில் ஒரு மைல் நடந்து திரும்பி வந்தது. "என்னய வழி தெரியாத ஊமைன்னு நெனச்சாளோ என்னமோ, ஆனா கட்டினா அவளத்தான்" என்று அய்யா தீர்மானம் செய்துவிட்டார். அப்போது அவருக்கு முப்பத்தொரு வயது. ராயகிரிக்குப் பெண் கேட்டு ஆள் அனுப்பிவிட்டுக் காத்திருந்த பதினெட்டு நாளில் பாதியாய் இளைத்துப்போனார்.

அம்மாவின் அப்பா சங்கிலிப்பாண்டி நேரே குற்றாலம் புறப்பட்டு வந்தார். தென்காசியில் இறங்கி விசாரித்ததுமே பைன் கதையைச் சொல்லிவிட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் அங்கிருந்தே வண்டியைத் திருப்பியிருப்பார்கள். தாத்தாவுக்கோ கால் தரையில் நிற்கவில்லை. அவருடைய வயலுக்கு முறைப்படி வர வேண்டிய தண்ணீரை மேல்வயல்காரன் வருஷா வருஷம் திருட்டுத்தனமாகத் திருப்பிக்கொண்டிருந்தான். பேரைச் சொன்னதும் அவன் மடையை அடைத்துவிட்டு ஓடுகிற மாதிரி ஒரு முரட்டு மருமகனைத்தான் தாத்தா நாலு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

பங்களாவில் பிள்ளையை வணங்கிவிட்டுக் கேட்டார்: "எசமான், இவன் இன்னும் எத்தன வருசம் பைன் கட்டணும்?"

"இதுக்கு முடிவே கிடையாது" என்றார் பிள்ளை பெருமையாக. "இவனுக்கப்புறம் இவன் மகன் கட்டணும், அப்புறம் பேரன். ஜப்பான்ல முந்நூறு வருஷமாக் கட்டுற குடும்பம்லாம் இருக்கு."

"யாத்தே!" என்று தாத்தா நெஞ்சில் கை வைத்தார். சந்தோஷம் தாங்கவில்லை. "தலமுறைக்குத் தீராத குத்தமா! அப்படி என்ன செஞ்சான் எசமான்?"

"குத்தமா? என்ன வே உளறுதீரு? வாரும், காட்டுதேன்."

கொல்லைப்பக்கம் கூட்டிப்போய்ச் சட்டியைக் காட்டினார். அய்யா கையில் கம்பியோடு நின்றுகொண்டிருந்தார். ஏழு வயதான மரம், ஒரு சாண் உயரம்.

"இதுதான் பைன்" என்றார் பிள்ளை.

தாத்தா குனிந்து பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார். "நெல்லு நாத்தா?"

"மரம். ஏழு வருஷம் ஆகுது. வளர விடாம வளக்குதான்."

"வளர விடாம... வளக்குதானா?" தாத்தாவுக்கு முகம் கறுத்துவிட்டது. நட்ட பயிர் வளரவில்லையே என்று வயிறு எரிகிற சம்சாரி அவர். "ஏலே, நெசமாவா? ஏழு வருசமா இதயா செஞ்ச?"

"ஆமா மாமா" என்றார் அய்யா.

"மாமான்னு சொல்லாத! குத்தவாளிக்குக்கூடப் பொண்ணக் குடுத்துருவேன். கிறுக்கனுக்குக் குடுக்க மாட்டேன்!" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

ஊர் தன்னை என்ன நினைத்திருந்தது என்று அய்யாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அதற்காகக் கோபப்படக்கூட நேரமில்லை. பிள்ளையின் காலில் விழுந்தார். "எசமான், என்னயக் குத்தவாளின்னு சொல்லிருங்க. அவ இல்லாம எனக்கு ஆகாது எசமான்."

"பொய்யா? நானா?" என்று பிள்ளை சீறினார். "பொய்ச்சாட்சிக்கு எத்தனை பேருக்குப் பைன் போட்டிருக்கேன் தெரியுமா?" பிறகு அய்யா அழுவதைப் பார்த்தார். செடியைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வே சங்கிலிப்பாண்டி, நில்லும்!" என்று கச்சேரிக் குரலில் கூப்பிட்டார். தாத்தா வாசலில் நின்றார்.

"ஜப்பான்ல இருந்து கப்பலேறி ஆறு உயிர் என்னை நம்பி வந்துச்சு. இவன் பொறுப்புல விட்டேன். அஞ்சு உயிர் இவன் கையாலே போச்சு. தண்ணியிலேயே தீத்துட்டான். நான் சொல்றதுல ஒரு எழுத்து பொய் கிடையாது."

தாத்தா கொல்லைக்கே திரும்பி வந்தார். "அஞ்சா? அப்ப இந்தச் செடி?"

"நடந்ததுக்கு உயிரோட இருக்கிற ஒரே சாட்சி அதுதான். அதான் பேசாம, வளராம வச்சிருக்கு."

தாத்தா செடியைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு அய்யாவின் தோளில் கை போட்டு, "மாப்பிள, இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்று கேட்டார். அய்யாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து விக்கல் எடுத்துவிட்டது.

தை மாதம் கல்யாணம் நடந்தது. பந்தியில் முதல் இலையில் மேல்வயல்காரன்தான் உட்கார்ந்து பயபக்தியோடு சாப்பிட்டான். அந்த வருஷம் தாத்தாவின் வயலில் தண்ணீர் வரப்பைத் தாண்டியது.

குற்றாலத்துக்கு வந்த அம்மா அரிவாள்மணையை மறைத்து வைத்தார். அய்யா கிணற்றில் தண்ணீர் இறைத்தால் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ராயகிரிப் பழக்கம் போலிருக்கிறது என்று அய்யா நினைத்தார். அந்த மனுஷனை என்ன சொல்ல!

நாலாம் நாள் காலையில், உண்மையைச் சொன்னால் பெண் சிரிப்பாள் என்று நம்பி அவளைப் பங்களாவுக்குக் கூட்டிப்போனார். அம்மா பத்தடி தள்ளியே நடந்தார். அய்யா சட்டியைக் காட்டி, விதை வந்தது, ஆறு முளைத்தது, ஐந்து அழுகியது, நல்லகண்ணு கேட்டது, பிள்ளை சொன்னது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்து, "அவ்வளவுதான் பேச்சி, நான் ஒரு எறும்பக்கூடக் கொன்னதில்ல" என்று சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார்.

"கொலகாரனுக்குக் குடுக்காவளேன்னு மூணு நாளு பச்சத்தண்ணி குடிக்கல நான். எங்கப்பா, 'அஞ்சு உயிர எடுத்தவன், ஒனக்கு என்ன கொறச்சல்?'ன்னு கேட்டாரு. தாலி கட்டும்போது ஒங்க மொகத்தப் பாக்கல, கையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். எப்ப என் கழுத்துக்கு வரும்னு."

"எசமான் சொன்னதுல பொய் ஒண்ணும்..."

"பொய்யோ நெசமோ, எல்லாரும் எங்கப்பாட்டயே சொல்லிக்கிட்டிருந்தியளே! என்கிட்ட ஒரு சொல்லு சொல்லி விட்டிருக்கலாம்லா? செடி வளக்குதவன்னு தெரிஞ்சா, சரின்னு நானே நடந்து வந்திருப்பேன்."

என்னிடம் இதைச் சொல்லும்போது அய்யாவுக்குக் குரல் இறங்கிவிடும். "ஊரே குத்தவாளின்னு பேசுனது எனக்கு உறைக்கல தாயி," என்பார். "அவ அழுதப்பதான் உறைச்சுது."