எல்லாக் கையும் எழுந்த சலவைக்கூடம்

சலவைக்கூடத்து முதலாளி ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனார். ஆஸ்பத்திரி விரிப்புகள் மட்டும் மூட்டை மூட்டையாக வந்துகொண்டேதான் இருந்தன. அப்போது இஸ்திரி போடும் நெட்டைதான் எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னான்: "இனிமே நமக்கு நாமதான். முதலாளியும் வேணாம், மேஸ்திரியும் வேணாம். எதுன்னாலும் எல்லாரும் கை தூக்கணும். ஒரு கை கீழ இருந்தாக்கூட நடக்காது."

இன்னொன்றும் அவன் கொண்டுவந்ததுதான். ஒருத்தன் இன்னொருத்தனை அடித்துவிட்டால் திருப்பி அடிக்கக் கூடாது, விரட்டவும் கூடாது. அவனோடு யாரும் பேச மாட்டார்கள், அவ்வளவுதான். தன் தண்டனையை அவனே சொல்ல வேண்டும். எல்லாரும் ஒப்புக்கொண்டால் பேச்சு திரும்பும். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

போகப்போக நெட்டைக்கு அதட்டல் வந்து ஒட்டிக்கொண்டது. ஒருநாள், ஈரத்துணியைத் தரையில் போட்டதற்குப் பெண்டாட்டியின் தம்பியைப் பிடித்துத் திட்டினான். அவன் துணியைப் பிழிந்துகொண்டே இளித்தான்.

"முதலாளி ஓடிட்டாருன்னு நெனச்சேன் மாமா. இங்கதான் நிக்கிறாரா?"

கூடமே சிரித்தது. நெட்டையின் கை மச்சினன் கன்னத்தில் இறங்கிவிட்டது. சிரிப்பு நின்றது. பேச்சும் நின்றது.

வீட்டிலும் அதே கதிதான். அவன் பெண்டாட்டி அந்தக் கூடத்தில்தான் துணி மடித்தாள். "நான் வெச்ச சட்டம் வீட்டுக்குள்ள எதுக்குடி?" என்றான். சோற்றைப் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

தண்டனையாகக் கொதிகலன் அறையைக் கூட்டுகிறேன் என்றான் நெட்டை. எல்லாக் கையும் எழுந்தது. மச்சினன் கை மட்டும் எழவில்லை. நெட்டை அவன் காலில் விழுந்தான். அப்போதும் எழவில்லை. ஆவிக்குழாயில் பட்டு நெட்டையின் முழங்கை வெந்தபோது, மருந்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு வாய் திறக்காமல் போனார்கள்.

வீம்பில் அவனும் சளைத்தவன் இல்லை. "சரி, வேலைய விட்டே போயிடறேன். அதான் தண்டனை. போதுமா?" என்றான். யாராவது தடுப்பார்கள் என்று நினைத்தான், பாவம்.

மச்சினன் கைதான் முதலில் எழுந்தது. பிறகு மற்றவர்கள் கை. நெட்டை பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் ஒருத்தி கை கீழே இருந்தால் போதும். மடித்த விரிப்பை ஓரமாக வைத்துவிட்டு, அவளும் தூக்கினாள்.

அதன் பிறகு எல்லாருக்கும் வாய் திறந்துகொண்டது.

"புண்ணு ஆறிடுச்சாண்ணே?"

"கூடத்துச் சாவிய ஆணில மாட்டிட்டுப் போங்க."

மச்சினன் கதவைத் திறந்துவிட்டான். "படி ஈரமா இருக்கு மாமா, பாத்துப் போங்க." அன்பாகத்தான் சொன்னான்.

நெட்டை பெண்டாட்டியிடம் கேட்டான்: "நீ வரலியா?"

"ரெண்டு மூட்டை மிச்சமிருக்கு" என்றாள் அவள். "நீங்க போங்க."