ஓட்டின் மேல் வேய்ந்த கூரை

கூரை வீடு குளுகுளுவென்று இருக்கும், அந்தச் சுகம் வேறெதிலும் வராது என்று மாடியில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரே ஒரு ஐப்பசி மழைக்கு அதில் படுத்துப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

நான் பிறந்தது ஆண்டிமடம் பக்கம். எங்கள் வீட்டுக்குப் பனையோலை. மழை பெய்தால் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. ஆனால் ஒழுகாது, மூன்று வருஷம் தாங்கும். அப்பாவே மரமேறி ஓலை வெட்டி வருவார், யார் வாசலிலும் போய் நிற்க வேண்டியதில்லை.

கல்யாணமாகி வந்தது அரியலூருக்கும் கல்லங்குறிச்சிக்கும் நடுவில் ஒரு ஊர். எங்கள் தெரு முழுக்க, வரகு அடித்தபின் மிஞ்சும் தாளை வேய்ந்த கூரை. எலி குடும்பம் நடத்தும், தேள் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் விழும். வருஷா வருஷம் பிரித்து வேய வேண்டும். அந்தத் தாளுக்குப் பண்ணைக்காரர் களத்தை விட்டால் வேறு கதியில்லை. பங்குனி பிறந்ததும் ஆண்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் வாசலில் நிற்பார்கள். எவன் மேல் கோபமோ அவனுக்கு மக்கிப்போன தாள் வரும். அவர் இருந்தது மெத்தை வீடு. கோடையில் சுண்ணாம்புக் காறை போட்ட மேல்தளம் கொதிக்கும் என்று அலுத்துக்கொள்வார். கொதிக்கட்டும், எனக்கென்ன.

மேல்சாதிக்காரர்கள் இருந்த ஊர்த்தெருவில் நாட்டு ஓடு. பூனை ஓடினால் நாலு ஓடு விலகும், ஏறித் திருப்பி வைத்தால் சரியாகிவிடும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் எங்கள் தெருவில் ஓடு போடக்கூடாதாம். எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டால், வழக்கம் என்பார்கள். நாசமாய்ப் போன வழக்கம்.

முதல் பிள்ளை ஐப்பசியில் பிறந்தது. ஒழுகாத இடம் தேடிப் பாயை வீடெல்லாம் இழுத்தேன். சளி பிடித்துப் பதினோராம் நாள் போய்விட்டது. இரண்டாவது வயிற்றில் தங்கியதும் என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

"ஓடு போட்டா இங்க இருப்பேன். இல்லன்னா எங்கப்பா வூட்டுக்குப் போயிடறேன். இதயும் தண்ணில போட என்னால ஆவாது."

அவர் அரியலூர் ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறவர். பேசமாட்டார், செய்வார். சூளையிலிருந்து ஓடு வாங்கி, வண்டியில் தாளுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தார். அதைப் பார்த்ததும் என் மாமனார் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். விடிய விடிய யோசித்துவிட்டு, "ஓட்டப் போடு. மேல தாளப் போட்டு மூடிடு" என்றார்.

அப்படியே செய்தோம். உழைத்து வாங்கிய ஓட்டைத் திருட்டுச் சாமான் மாதிரி மூடி வைத்தோம். ஒரு வீட்டுக் கூரைக்குத் தெருவே வந்து கை கொடுப்பது எங்கள் பழக்கம். அதனால் எல்லோருக்கும் தெரியும். ஒருவர் வாயும் திறக்கவில்லை. அந்த ஐப்பசியில் மகள் பிறந்தாள். ஒரு சொட்டுகூட அவள் மேல் விழவில்லை.

அடுத்த சித்திரையில், பட்டப்பகலில், யார் வீட்டு அடுப்புப் பொறியோ காற்றில் பறந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்தபோது தெருவில் சுவர்கள்தான் நின்றன. எங்கள் வீட்டில் மேலே கிடந்த தாள் மட்டும் எரிந்து, ஓடு செக்கச்செவேலென்று வெளியே தெரிந்தது. தெருப் பிள்ளைகள் எல்லாம் அதன் நிழலில்தான் படுத்திருந்தன.

மறுநாள் பண்ணைக்காரர் வந்தார். சாம்பலைப் பார்க்கவில்லை, ஓட்டைத்தான் பார்த்தார். தன் தகப்பன் வயதுள்ள என் மாமனாரிடம், "ஏண்டா, எத்தன நாளா நடக்குது இது?" என்றார்.

"புள்ளத்தாச்சி இருந்துச்சுங்க ஆண்டே."

"எல்லாருக்கும் தாள் தரேன். மொதல்ல இவன் ஓட்ட எறக்கணும். எறக்கி எங்க மாட்டுக்கொட்டாய்க்குக் கொண்டாந்து போடு. அதுவரைக்கும் ஒருத்தனுக்கும் ஒரு பிடி கெடையாது."

வெள்ளைக்காரன் போய், ஊரில் மிட்டாய் கொடுத்து, எட்டு மாதம் ஆகியிருந்தது. தெருவே எங்களைப் பார்த்தது. எதிர்வீட்டுக்காரி, அவளும் கைக்குழந்தைக்காரிதான், என் கையைப் பிடித்துக்கொண்டு, "எறக்காதக்கா. நாங்க வெயில்ல கெடந்துக்கறோம்" என்றாள். அவள் குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. அதைப் பார்த்த பிறகு மாமனார் ஏணியைச் சாத்தினார். என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மேலே ஏறினார்.

கீழே நின்று ஓட்டைக் கையில் வாங்க ஆள் வேண்டும். மகளை எதிர்வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு நான் போய் நின்றேன். என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, மாமனார் வாங்கி என்னிடம் நீட்டினார். பண்ணைக்காரர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆள் மேல் இருக்கிற கோபம் கிடக்கட்டும். அன்றைக்கு ஒரே ஒரு ஓட்டையாவது நான் கைதவற விட்டிருக்கலாம். விடவில்லை. மாட்டுக்குப் போகிற ஓடென்று தெரிந்தும், ஒன்றில்கூடக் கீறல் விழாமல் வாங்கி அடுக்கினேன்.