மூத்தவளின் புத்தகம்

2024 பெப்ரவரி 11, ஞாயிறு, பிற்பகல் 4.10, தூறல். லண்டன் மனோர் பார்க்கில் மண்டபமொன்றில் நூல் வெளியீடு. எழுதியவர் எட்டு மாதக் கர்ப்பிணி. முன்பு வயிற்றிலேயே இறந்த மகளைப் பற்றி எழுதியிருந்தார். நிற்கும்போதெல்லாம் புத்தகத்தை வயிற்றின்மேல் வைத்துக்கொள்வார். ஐந்து ஆண்கள் அறுபத்தெட்டு நிமிடம் பேசினோம். ஐவரும் வரப்போகும் பிள்ளையை வாழ்த்தினோம்; எழுதியதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

கலியாண வீட்டில் கொடுப்பதுபோல் உறையில் இருபது பவுண் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு பஸ் தரிப்புக்கு வந்துவிட்டேன். எழுதியவர் குடையில்லாமல் பின்னால் வந்தார்.

"ஐயா, புத்தகத்தை விட்டிட்டு வந்திட்டீங்கள்."

"உடம்பைப் பாரும் பிள்ளை. அந்தக் காசு குழந்தைக்கு."

"குழந்தைக்கு எல்லாரும் தந்திட்டினம் ஐயா. மூத்தவளைத்தான் ஒருத்தரும் கேக்கேல்லை."

புத்தகத்தையும் மிகுதி எட்டுப் பவுணையும் என் கையில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். அந்தப் புத்தகத்துக்கு நான் கொடுத்தது பன்னிரண்டு பவுண்.